குறைந்த சோதனையில் தெளிவான விடை: உகப்பாக்கக் கணிதமும் சோதனை வடிவமைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு முழுக்க ஏதாவது ஒரு சோதனை நடந்துகொண்டேதான் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் பதனிடும் டேனரிகளில் புது ரெசிபி, விரிஞ்சிபுரம் பக்கத்து நிலங்களில் உர அளவு, வேலூர்க் கல்லூரிகளில் ப்ராஜெக்ட், மருத்துவமனைகளில் மருந்தளவு. டேட்டா எல்லாம் எடுத்த பிறகு "இதை எப்படி அனலைஸ் பண்ணுவது" என்று வருகிறவர்கள்தான் அதிகம். சோதனை தொடங்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு ஞாபகம் இருந்தால் போதும்.

சுருக்கமாக, இது என்ன விஷயம்?

உங்களிடம் 18 சோதனைக்குத்தான் பணமும் நேரமும் இருக்கிறது. எந்த 18? எந்த அளவில், எத்தனை தடவை? பொதுவாக இதைப் பழக்கத்தால் முடிவு செய்கிறோம், அல்லது சீனியர் தீசிஸைப் பார்த்துக் காப்பி அடிக்கிறோம். அதற்குப் பதிலாக, "கடைசியில் கிடைக்கும் மதிப்பீட்டில் பிழை எவ்வளவு குறைவாக இருக்கும்?" என்பதை ஒரு கணக்காக எழுதி, அதைக் குறைக்கும் சோதனைத் தொகுப்பைக் கணினியைத் தேடச் சொல்கிறோம். இப்படிச் சிறந்ததைத் தேடுவதுதான் உகப்பாக்கம். அவ்வளவுதான்.

இதில் ஒரு வசதி உண்டு. நேர்கோடு, இருபடி மாதிரியான சாதாரண மாடல்களில், பிழை எவ்வளவு இருக்கும் என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் அளவுகளைப் பொறுத்தது. வரப்போகும் ரீடிங்கைப் பொறுத்தது இல்லை. அதனால் ஒரு சொட்டு ரசாயனம் செலவாகுமுன்னே, எந்தத் திட்டம் எவ்வளவு துல்லியம் தரும் என்று பேப்பரிலேயே ஒப்பிட்டுவிடலாம்.

டென்மார்க்கைச் சேர்ந்த கிர்ஸ்டின் ஸ்மித் 1918-லேயே பல்லுறுப்புக் கோவைகளுக்கு, ஆறாம் படி வரை, இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார். கணினி கிடையாது, கையால்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதானே அறிவியல் முறை? பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு தராசுக் கணக்கு சொல்கிறேன். ஃபிராங்க் யேட்ஸ் 1935-இல் இந்த மாதிரிக் கணக்கைத் தொட்டார். ஹோட்டலிங் 1944-இல் நீட்டி எழுதினார். லேபில் இரட்டைத் தட்டுத் தராசு இருக்கிறது, எடை போட வேண்டிய பொட்டலங்கள் நான்கு. ஒவ்வொன்றாகப் போட்டால் நான்கு எடை. ஒவ்வொரு விடையிலும் ஒரு எடையின் பிழை முழுசாக இருக்கும்.

இப்போது இப்படிப் போடுங்கள். முதலில் நான்கையும் இடத் தட்டில். அடுத்து 1, 2 இடப்பக்கம். 3, 4 வலப்பக்கம். மூன்றாவதாக 1, 3 இடம். 2, 4 வலம். கடைசியாக 1, 4 இடம். 2, 3 வலம். நான்கு ரீடிங்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் முதல் பொட்டலத்தின் எடை. முதல் இரண்டைக் கூட்டி, அடுத்த இரண்டைக் கழித்து நான்கால் வகுத்தால் இரண்டாவது பொட்டலம். மற்றவையும் இதே வழிதான். போட்டது அதே நான்கு எடை, ஆனால் ஒவ்வொரு விடையின் பரவற்படியும் (வேரியன்ஸ், அதாவது பிழையின் வர்க்கச் சராசரி) கால்வாசியாகிவிடுகிறது. தனித்தனியாகப் போட்டு இதே துல்லியம் வர வேண்டுமானால் 16 எடை தேவை.

ஒவ்வொரு ரீடிங்கும் நான்கு பொட்டலங்களுக்கும் வேலை செய்தது என்பதுதான் காரணம். ஒன்றை மட்டும் மாற்றும் முறையில் ஒவ்வொரு ரீடிங்கும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் உழைக்கும். போதாததற்கு, இரண்டு காரணிகள் (நாம் மாற்றிப் பார்க்கும் விஷயங்கள்) சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அந்த முறையில் தெரியவே தெரியாது.

அளவுகளைச் சம இடைவெளியில் வைத்தால் என்ன தப்பு? பார்க்க ஒழுங்காக இருக்கிறதே.

தப்பு இல்லை, ஆனால் விலை உண்டு. ஒரு காரணியின் கீழ் எல்லையை −1 என்றும் மேல் எல்லையை +1 என்றும் வைத்துக்கொள்வோம். உறவு நேர்கோடுதான் என்று உறுதியாகத் தெரிந்தால், ஆறு சோதனையை இரண்டு முனையிலும் மூன்று மூன்றாகப் போடுவதுதான் சிறந்தது. கோட்டின் சரிவுக்கு வரும் பரவற்படி, புள்ளிகளின் வர்க்கக் கூட்டுத்தொகைக்குத் தலைகீழாகப் போகும். முனைகளில் வைத்தால் கூட்டுத்தொகை 6. சம இடைவெளியில் ஆறு புள்ளி வைத்தால் 2.8. சம இடைவெளியிலேயே பிடிவாதமாக இருந்து அந்த 6-ஐ எட்ட வேண்டுமானால் 16 சோதனை ஓட்ட வேண்டும்.

"வளைவு இருந்தால்?" என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. இருபடி மாடலுக்குச் சிறந்த திட்டம் −1, 0, +1 மூன்றிலும் மூன்றில் ஒரு பங்கு வீதம். இங்கே சம இடைவெளி அவ்வளவு மோசமில்லை. ஐந்து சம அளவு வைத்தால் செயல்திறன் சுமார் 84 சதவீதம் வருகிறது. அப்படி ஐந்து அளவு வைப்பவர் 30 மனையில் (சோதனை நிலத் துண்டு) பெறுவதை, மூன்று அளவு வைத்து நீங்கள் சுமார் 25-இல் பெறலாம். ஒரு மனைக்கு ஆகும் செலவைப் பொறுத்து இது பெரிய விஷயமாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். உகப்பாக்கம் எப்போதும் பாதிக்குப் பாதி மிச்சம் பிடித்துத் தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"சிறந்தது" என்றால் எந்த அர்த்தத்தில்? டி, ஏ, ஐ என்று எழுத்து எழுத்தாகச் சொல்கிறார்களே.

இதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும்.

டி-ஆப்டிமல் என்பது எல்லாக் கெழுக்களையும் மொத்தமாகப் பார்த்து, அவற்றின் நம்பகப் பகுதியின் (உண்மை மதிப்புகள் இருக்கக்கூடிய பகுதி) கன அளவைச் சுருக்குவது. தேர்ந்தெடுத்த புள்ளிகள் கெழுக்களைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்பதைத் தொகுக்கும் தகவல் அணியின் அணிக்கோவையைப் பெரிதாக்குவது என்று கணக்கில் வரும். ஆபிரகாம் வால்டு 1943-இல் கையாண்டது இது. ஏ-ஆப்டிமல், கெழுக்களின் பரவற்படிகளின் சராசரியைக் குறைக்கும். ஜி என்பது கணிப்பில் வரக்கூடிய மிக மோசமான பிழையைக் குறைக்கும். ஐ என்பது கணிப்புப் பிழையின் சராசரியை. சி என்பது ஒரே ஒரு அளவை மட்டும் துல்லியமாகக் கேட்கும்.

என் அபிப்பிராயம்: எந்தக் காரணி முக்கியம் என்று சலித்துப் பார்க்கும் கட்டத்தில் டி. சரியான அளவைக் கண்டுபிடித்து அங்கேயே உற்பத்தியை ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஐ. ரெசிபிகளையோ ரகங்களையோ ஒன்றோடொன்று ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் ஏ. மென்பொருளில் டி-தான் முதலில் வந்து நிற்கும் என்பதற்காக அதையே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்வி என்ன என்று உங்களுக்கே தெரியாவிட்டால், எந்த எழுத்தைப் போட்டாலும் அது வேறு யாருடைய கேள்விக்கோதான் பதில் தேடும்.

சரி, உகப்பாக்கக் கணிதம் எங்கே வருகிறது?

சாத்தியமான சோதனைப் புள்ளிகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எடை கொடுங்கள், அதாவது மொத்தச் சோதனையில் அதற்கு எத்தனை பங்கு என்று. எடைகள் எதிர்மறையாகக் கூடாது, கூட்டினால் 1 வர வேண்டும். இந்த எடைகளைத்தான் தேடுகிறோம்.

எடைகள் பின்னமாக இருக்கலாம் என்று விட்டுவிட்டால், அணிக்கோவையின் மடக்கை ஒரு குழிவுச் சார்பாகிவிடும். உச்சம் ஒன்றே ஒன்றுதான். வழியில் சின்ன மேட்டில் ஏறி மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. 1990-களில் வளர்ந்த அரைநேர்மத் திட்டமிடல் (செமிடெஃபினிட் புரோகிராமிங்) முறைகள் இந்த மாதிரிக் கணக்குகளை மளமளவென்று தீர்த்துவிடும்.

அதைவிட எளிய வழியும் உண்டு, எக்செலிலேயே செய்யலாம். எல்லாப் புள்ளிக்கும் சம எடையில் தொடங்குங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் கணிப்பின் பரவற்படியைக் கணக்கிடுங்கள். அதைக் கெழுக்களின் எண்ணிக்கையால் வகுத்து, அந்தப் புள்ளியின் எடையோடு பெருக்குங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் வேண்டாத புள்ளிகளின் எடை தேய்ந்துகொண்டே போய், தேவையானவை மட்டும் நிற்கும்.

போதும் என்று எப்போது நிறுத்துவது? இதற்குத்தான் கீஃபரும் வோல்ஃபோவிட்ஸும் 1960-இல் ஒரு அருமையான தேற்றம் தந்தார்கள். ஒரு ரீடிங்கின் பரவற்படியை 1 என்று வைத்தால், டி-ஆப்டிமல் திட்டத்தில் கணிப்பின் பரவற்படி எந்த இடத்திலும் கெழுக்களின் எண்ணிக்கையைத் தாண்டாது; எங்கேயும் தாண்டாத திட்டம் டி-ஆப்டிமல்தான். எடை உள்ள புள்ளிகளில் சரியாக அதைத் தொட்டு நிற்கும். இருபடிக்குக் கெழு மூன்று. மேலே சொன்ன −1, 0, +1 திட்டத்தில் 0.5 என்ற இடத்தில் கணக்கிட்டால் சுமார் 2.16 வருகிறது; −1, 0, +1 மூன்றிலும் சரியாக 3. எங்கேயும் 3-ஐத் தாண்டவில்லை. ஆக, இதைவிட நல்ல திட்டம் இல்லை என்று வேறு யாரையும் கேட்காமலே அடித்துச் சொல்லலாம்.

பின்னமாக வந்தால் எப்படி? 2.7 டிரம் தோல் ஓட்ட முடியாதே!

முடியாதுதான். முழு எண்ணாக வேண்டும் என்றதும் கணக்கு ஒரேயடியாகக் கடினமாகிவிடுகிறது. நான்கு காரணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு என்றால் 81 சேர்க்கை. அதிலிருந்து 18-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 4,500 கோடி கோடிக்கு மேல். ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது.

நடைமுறையில் எல்லோரும் செய்வது மாற்றிப்போடும் முறை. குத்துமதிப்பாக 18 புள்ளி எடு, ஒன்றை வெளியே எடுத்து இன்னொன்றை உள்ளே போட்டால் அணிக்கோவை கூடுமா பார், கூடினால் மாற்று, கூடாத நிலை வரும்வரை தொடர். ஃபெடரோவ் 1972-இல் தந்த முறை இது. மேயரும் நாக்ட்ஷைமும் 1995-இல், புள்ளியை முழுசாக மாற்றாமல் ஒரு காரணியின் அளவை மட்டும் மாற்றிப் பார்க்கும் வழியைச் சொன்னார்கள்; இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் ஓடுவது அதுதான். இந்த முறைகள் உள்ளூர் உச்சத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் வெவ்வேறு தொடக்கத்திலிருந்து நூறு, ஆயிரம் தடவை ஓட்டி, வந்ததில் சிறந்ததை எடுக்கிறார்கள். பின்னத் திட்டத்தில் கிடைத்த உச்ச மதிப்பு கையில் இருந்தால், முழு எண் திட்டம் அதற்கு எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். 97, 98 வந்துவிட்டால் மேற்கொண்டு மெனக்கெட வேண்டாம்.

டேனரியில் ஆறு ரெசிபி ஒப்பிட வேண்டும். தோலுக்குத் தோல் வித்தியாசம் அதிகம். என்ன செய்வது?

இந்த ஊருக்கே உரிய கேள்வி, கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

மாட்டின் இனம், வயது, தீவனம் என்று தோலுக்குத் தோல் மாறும். ஆனால் ஒரே தோலை முதுகுக் கோட்டில் இரண்டாக வெட்டினால் இடப்பாதியும் வலப்பாதியும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். எனவே ஒரு பாதியில் ஒரு ரெசிபி, மறுபாதியில் இன்னொன்று. ஒரு தோல், ஒரு ஜோடி.

ரெசிபிகளை அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்போம். அ என்பது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய ரெசிபி. எல்லா ஜோடியையும் ஒருமுறை பார்க்க 15 தோல் வேண்டும். இருப்பது ஒன்பது. என்ன செய்வோம்? ஒன்பது தோலிலும் ஒரு பாதி பழைய ரெசிபி, மறுபாதியில் புதியவை. நான்கு புது ரெசிபிக்கு இரண்டிரண்டு தோல், ஐந்தாவதுக்கு ஒன்று. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், கேட்டால் "கன்ட்ரோலோடுதானே ஒப்பிடணும்" என்பார்கள்.

இப்போது இன்னொரு திட்டம். அ, ஆ, இ ஒரு குழு. ஈ, உ, ஊ இன்னொரு குழு. முதல் குழுவில் உள்ள ஒவ்வொன்றையும் இரண்டாம் குழுவில் உள்ள ஒவ்வொன்றோடும் ஒரு தோலில் ஜோடி சேருங்கள். மூன்று மூன்று ஒன்பது. கணக்குச் சரியாக வந்துவிட்டது.

எது நல்லது? ஒரு தோலில் நேரடியாக ஒப்பிட்டால் வரும் பரவற்படியை 1 என்று வைத்துக்கொள்வோம். ரெசிபிகளைப் புள்ளிகளாக வரைந்து, ஒவ்வொரு தோலுக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு ஓம் மின்தடையைப் போடுங்கள். இரண்டு ரெசிபிகளுக்கு இடையிலான வித்தியாசத்தின் பரவற்படி, அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே மல்டிமீட்டர் காட்டும் தடைதான். இது உவமைக்காகச் சொல்வது இல்லை; இரண்டுக்கும் சமன்பாடு ஒன்றேதான்.

வழக்கமான திட்டத்தில், பழையதற்கும் இரண்டு தோல் கிடைத்த புதியதற்கும் நடுவே 0.5, ஒரே தோல் கிடைத்ததற்கு 1. ஐந்தின் சராசரி 0.6. புதியதையும் புதியதையும் ஒப்பிட்டால் எல்லாம் பழையது வழியாகவே போக வேண்டும் என்பதால் 1 அல்லது 1.5, சராசரி 1.2.

இரு குழுத் திட்டத்தில், எதிர்க்குழுவில் இருப்பதோடு 5/9, அதாவது 0.56, தன் குழுவில் இருப்பதோடு 2/3, அதாவது 0.67. பழையதோடு ஐந்து புதியவற்றை ஒப்பிடும் சராசரி எவ்வளவு தெரியுமா? அதே 0.6. புதியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும் சராசரியும் 0.6, அதாவது முன்னதில் பாதி. கன்ட்ரோல் ஒப்பீட்டில் சராசரியாக எதுவும் இழக்கவில்லை, ஒன்பது தோலில் மூன்றில்தான் பழைய ரெசிபி போயிருக்கிறது, மிச்சமெல்லாம் லாபம்.

ஒவ்வொரு ரெசிபியும் மூன்று தோலில் வர வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வைத்தால் இன்னொரு வழியும் உண்டு: குழுவுக்குள்ளேயே முக்கோணமாக ஜோடி சேர்த்து, இரண்டு முக்கோணங்களை மூன்று தோலால் இணைப்பது. அதில் மொத்தச் சராசரி 0.63 வரும், கொஞ்சம் கூடுதல். டி அளவுகோலும் இதையே சொல்கிறது. இங்கே அணிக்கோவை என்பது அந்தப் படத்தில் எத்தனை விரவு மரங்கள் (எல்லாப் புள்ளிகளையும் சுற்று வராமல் இணைக்கும் கோட்டுத் தொகுப்புகள்) இருக்கின்றன என்ற எண்ணிக்கை. இரு குழுவுக்கு 81, முக்கோணத்துக்கு 75.

ஒரு எச்சரிக்கை. எந்தப் பாதி எந்த ரெசிபிக்கு என்பதைக் காசு சுண்டிப் போடுங்கள். அப்புறம், ஒரு ரெசிபியின் மூன்று பாதிகளையும் ஒரே டிரம்மில் ஒரே ஓட்டத்தில் போட்டுவிட்டால், ரெசிபியின் குணம் எது, அந்த டிரம் ஓட்டத்தின் குணம் எது என்று பிரிக்கவே முடியாது. மேலே போட்ட கணக்கெல்லாம் ஒவ்வொரு பாதியும் தனி மாதிரி டிரம்மில் ஓடினால்தான் பொருந்தும்.

சில சேர்க்கைகளை ஓட்டவே முடியாது. அப்போது?

உகப்பாக்கத்தின் அருமை அங்கேதான் தெரியும். பாக்ஸும் வில்சனும் 1951-இல் கொடுத்த மையக் கூட்டுத் திட்டம் பிரமாதமானது, ஆனால் அளவுகளை வரைந்தால் வரும் சதுரமோ வட்டமோ முழுசாகச் சோதிக்கத் திறந்திருக்க வேண்டும். டேனரியில் அப்படி இருக்காது. தோலைப் பதனிடும் பேசிக் குரோமியம் சல்ஃபேட் அதிகம் போட்டு, பி.எச்.-ஐயும் மேலே ஏற்றினால் குரோமியம் உள்ளே இறங்காமல் மேற்பரப்பிலேயே படிந்து கிரெயின் (தோலின் மேல்முகம்) கெட்டுவிடும். கெமிஸ்ட் அந்த மூலைக்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஒத்துக்கொள்ளவும் கூடாது.

உதாரணத்துக்கு, குரோம் 4 முதல் 8 சதவீதம் வரை ஐந்து அளவு, கடைசி பி.எச். 3.4 முதல் 4.2 வரை ஐந்து அளவு. 25 சேர்க்கை. கெமிஸ்ட்டோடு உட்கார்ந்து ஆகாதவற்றை அடித்துவிடுங்கள். மேல் வலது மூலையில் மூன்று போனால் 22. இந்த 22-ஐ மட்டும் கணினிக்குக் கொடுத்தால் அதற்குள்ளேயே சிறந்ததைத் தேடித்தரும். மூலை போன இடத்தில் வெட்டின் ஓரமாகவே புள்ளிகளை வைக்கும், பார்த்தாலே புரியும்.

சோதனையைக் குறைப்பது பணத்துக்காக மட்டும் இல்லை. வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் சுமார் 60 முதல் 70 சதவீதம்தான் தோலில் ஏறும், மிச்சம் கழிவு நீரில் போகும். டேனரிக் கழிவால் பாலாற்றுக்கு என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அநாவசியமான ஒவ்வொரு டிரம் சோதனையும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு சுமைதான்.

நிலத்தில் இலவம்பாடி முள் கத்தரிக்கு ஐந்து உர அளவு, நான்கு மறுசெய்கை. இதற்கும் இந்தக் கணினி வேலை தேவையா?

வேண்டாம். ஐந்து அளவையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால், ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து அளவும் ஒருமுறை வரும் சாதாரண ஆர்.பி.டி. (ரேண்டமைஸ்டு பிளாக் டிசைன்) போதும். கீஃபர் 1975-இல் காட்டியபடி, அப்படிப்பட்ட சமநிலைத் திட்டங்கள் அந்த ஒப்பீட்டுக்கு எந்த அளவுகோலில் பார்த்தாலும் சிறந்தவையாகவே நிற்கும். இந்த சமநிலைத் திட்டங்களைக் கட்டியதில் நம் நாட்டவர் பங்கு பெரியது: கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆர். சி. போஸ், 1947-இல் செங்குத்து வரிசைகளை (ஆர்த்தாகனல் அரே) தந்த சி. ஆர். ராவ். அவர்கள் இயற்கணிதத்தால் கட்டியது பொருந்துகிற இடத்தில் கணினியைத் தேடச் சொல்வது வீண் வேலை. 40 ரகம், ஒரே சீரான நிலத் துண்டில் ஏழெட்டு மனைதான் இடம் என்று வந்தால் அப்போது கூப்பிடுங்கள்.

மருந்து உடலிலிருந்து குறையும் வேகத்தைப் பார்க்க, எப்போது ரத்தம் எடுப்பது?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மாடல் நேரியல் இல்லை என்றால், சிறந்த திட்டம் நீங்கள் கண்டுபிடிக்கப் போகிற விடையையே பொறுத்திருக்கும். தொடக்க அளவு தெரிந்து, அடுக்குக்குறியாகக் குறையும் மருந்து என்று எளிமையாக எடுத்துக்கொள்வோம். அளவீட்டுப் பிழை எந்நேரமும் ஒன்றுபோல. ஒரே ஒரு மாதிரி எடுக்கச் சிறந்த நேரம், அரை ஆயுளைப் போல 1.44 மடங்கு. அரை ஆயுள் 6 மணி என்றால் சுமார் 8.7 மணி நேரத்தில் எடுக்க வேண்டும்.

6 என்று நினைத்தது தப்பாக இருந்தால்? உண்மையில் 3 மணி என்றால் அந்த மாதிரியின் செயல்திறன் 54 சதவீதமாக விழும். 12 மணி என்றால் 68. இரண்டு பக்கமும் இரண்டு மடங்கு தப்பு, ஆனால் நஷ்டம் சமமில்லை: தாமதமாக எடுப்பதுதான் அதிகம் கடிக்கிறது. அதனால் சந்தேகம் இருந்தால் கொஞ்சம் முன்னாலேயே எடுங்கள். அல்லது சாத்தியமான அரை ஆயுள்களுக்கெல்லாம் சராசரி போட்டு உகப்பாக்குங்கள். சில நோயாளிகளிடம் எடுத்துப் பார்த்து, திட்டத்தைத் திருத்தி, அடுத்தவர்களிடம் எடுப்பதும் நல்ல வழி. அந்தத் திருத்தும் விதியை நெறிமுறைக் குழுவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

மாடலே தப்பாக இருந்தால் எல்லாம் போச்சா?

போகலாம். நேர்கோடு என்று நம்பி இரண்டு முனையில் மட்டும் வைத்தவருக்கு, வளைவு இருந்தால் அது தெரியவே வராது. பாக்ஸும் டிரேப்பரும் 1959-இல் சுட்டிக்காட்டியது இதைத்தான்: ரீடிங்கின் ஆட்டத்தைவிட, மாடல் பொருந்தாததால் வரும் பிழை பெரிதாக இருக்கும் இடங்கள் நிறைய உண்டு.

ஆகவே நான் சொல்வது: 18 சோதனை இருந்தால் 18-ஐயும் உகப்பாக்கத்துக்குக் கொடுக்காதீர்கள். மூன்று நான்கை நடுப்புள்ளியில் திரும்பத் திரும்ப ஓட்ட ஒதுக்குங்கள். உண்மையான பிழை எவ்வளவு என்றும், மாடல் பொருந்துகிறதா என்றும் அவைதான் சொல்லும். அல்லது நீங்கள் நம்புவதைவிட ஒரு படி பெரிய மாடலுக்கு வடிவமையுங்கள். டுமோஷலும் ஜோன்ஸும் 1994-இல் தந்த பேயீசியன் முறை, "இந்த உறுப்புகள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்ற சந்தேகத்தையே கணக்குக்குள் கொண்டுவந்துவிடும்.

எந்த மென்பொருள்? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஆர் மொழியில் ஆல்க்டிசைன், எஸ்கேபிஆர், ஆப்டிமல்டிசைன் என்ற தொகுப்புகள் இலவசம். பைத்தான் தெரிந்தவர்கள் சிவிஎக்ஸ்பை-யில் எடைக் கணக்கைச் சில வரிகளில் எழுதிவிடலாம். சாதாரண லேப்டாப் போதும்.

குலுக்கிப் போட்ட வரிசையில் ஓட்டச் சொன்னால் மேஸ்திரி திட்டுகிறார். வெப்பநிலையை அடிக்கடி மாற்ற முடியாதாம்.

அவர் சொல்வது நியாயம்தான். மாற்றக் கஷ்டமான காரணி இருந்தால், அதை மாற்றாமல் சில ஓட்டங்களைச் சேர்த்து ஓட்டும் பிளவு மனைத் திட்டம் போடுங்கள். மேலே சொன்ன மென்பொருள்களில் எஸ்கேபிஆர் இதைக் கையாளும். செய்யக் கூடாதது ஒன்றுதான்: பேப்பரில் குலுக்கல் என்று எழுதிவிட்டு, தரையில் மேஸ்திரி வசதிக்கு ஓட்டி, அனாலிசிஸில் குலுக்கல் என்றே வைத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் வெப்பநிலையின் விளைவு, உண்மையில் இருப்பதைவிடத் துல்லியமாகத் தெரிந்ததுபோலக் காட்டும்.

"ஏன் ஒரு அளவுக்கு நான்கு தடவை, இன்னொன்றுக்கு இரண்டு?" என்று வைவாவில் கேட்டால் என்ன சொல்வது?

தீசிஸில் நான்கு விஷயம் எழுதிவிடுங்கள்: எந்த மாடல், எந்த அளவுகோல், எந்தப் புள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுத்தது, செயல்திறன் எத்தனை சதவீதம். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். சம எண்ணிக்கைத் திட்டத்தின் செயல்திறனையும் பக்கத்தில் போட்டுவிட்டால், கேட்டவரே கணக்கைப் பார்த்துக்கொள்வார்.

பாதியில் இரண்டு டிரம் கெட்டுவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

தேவையில்லை. முடிந்த சோதனைகளை அப்படியே நிலையாக வைத்து, மீதமுள்ளவற்றை மட்டும் மறுபடி உகப்பாக்கச் சொல்லலாம்; பல மென்பொருள்களில் இந்த வசதி உண்டு. கெட்டவை ஏன் கெட்டன என்பதை மட்டும் முதலில் பாருங்கள். கரன்ட் போனதால் என்றால் மேலே சொன்னபடி செய்யுங்கள். அந்தச் சேர்க்கையே தோலைக் கெடுக்கிறது என்றால், அதையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, கெமிஸ்ட்டை ஒருமுறை கேட்டு, பிறகு ஓட்டுங்கள்.